கிரனைட் குசினி மேடை: கல்லைப் பார்த்துக் காசைக் கொடுங்கள்

புது வீட்டுக்குக் குடிபோன சகோதரி ஒருவர் அண்மையில் கவலைப்பட்டார். கடையில் காட்டிய துண்டு ஒரு நிறம், குசினியில் பதித்த கிரனைட் வேறு நிறம். ஒரு மாதத்துக்குள் மஞ்சள் கறையும் பிடித்துவிட்டது. "ஏமாத்திட்டாங்க நானா" என்றார்.

எல்லாமே ஏமாற்று அல்ல. கிரனைட் இயற்கைக் கல். உள்ளங்கையளவு துண்டு முழுப் பலகையின் நிறத்தையும் கோடுகளையும் காட்டாது. பலகையையே பார்த்து, அடையாளமிட்ட பிறகுதான் முற்பணம் கொடுக்க வேண்டும்.

கல்லில் நுண்துளைகள் உண்டு. வெளிர்நிறக் கல்லில் கறை சீக்கிரம் தெரியும். சில துளி நீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த இடம் கறுத்தால் சீலர் பூச வேண்டும். எண்ணெய்க் கறைக்கு அப்பச் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, பொலித்தீனால் மூடி, மறுநாள் துடைக்கலாம். தேசிக்காய்ச் சாறு பட்டு மினுக்கம் போனால், அது கிரனைட்டா மாபிளா என விசாரியுங்கள்.

இவற்றை விற்கும்போதே சொல்வது வியாபாரியின் கடமை. குறையை மறைத்தால் வியாபாரத்தின் பரக்கத் அழிந்துவிடும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மறைத்து விற்ற குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் மார்க்கம் தந்திருக்கிறது.

கல்லின் பெயர், தடிப்பு, சீலர் பூசியது யாவும் பற்றுச்சீட்டில் இருக்கட்டும். முதலில் கடைக்காரரிடம் அமைதியாகப் பேசுங்கள். தீராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். அதற்கும் அந்தப் பற்றுச்சீட்டுத்தான் சாட்சி. அச்சகோதரியிடம் அது இருக்கவில்லை.