புதிதாக வந்த போவாக் குட்டி



தோட்டப்புறத்தில் வாழும் நமக்குப் பாம்பு புதியதன்று. செம்பனை மட்டையை இழுக்கும்போதும் உதிர்ந்த பழம் பொறுக்கும்போதும் பலமுறை அதைப் பார்த்திருக்கிறோம். பார்த்தவுடன் கம்பைத் தேடுவதும் நம் பழக்கம். ஆதலால், பாம்புக் குட்டியை வளர்ப்பது பற்றி ஓர் ஆசிரியர் பேச வந்தால் உங்களில் சிலர் வானொலியை மூடிவிட நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். பட்டணத்தில் வேலை செய்யும் உங்கள் பிள்ளை நாளை ஒரு பெட்டியுடன் வந்து நின்றால், இந்தப் பேச்சு உதவும்.

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. என்னிடம் படித்து, இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞன், ஒரு சனிக்கிழமை மாலை போவாப் பாம்புக் குட்டி ஒன்றை முறையான பத்திரங்களுடன் வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை அவன் தாயார் என்னை அழைத்துவர ஆள் அனுப்பினார். நான் போனபோது அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். "சார், அது உள்ள இருந்தா நான் இன்னிக்கு ராத்திரியும் வாசல்லதான் படுப்பேன். உங்க பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நானும் சொல்லத்தான் போனேன். ஆனால் பெட்டியைத் திறந்ததும் எனக்குள் இருந்த ஆசிரியன் விழித்துக்கொண்டான். குட்டியைக் கையில் எடுத்து, அங்கே கூடியிருந்த பிள்ளைகளிடம் காட்டிப் பாடம் நடத்தினேன். கைக்குக் கை அது மாறிற்று. விற்றவர் "போனவுடன் தீனி கொடு" என்று சொல்லியிருந்ததால், முதல்நாள் இரவே அவன் இரண்டு சுண்டெலிகளைக் கொடுத்திருந்தான். திங்கட்கிழமை விடியற்காலையில் குட்டி இரண்டையும் கக்கிவிட்டது. பையன் கலங்கிப்போனான். அதன் பிறகுதான் நான் விலங்கு மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் விவரம் அறிந்தேன். பாம்பின் மீது தவறில்லை. அவசரப்பட்டவன் அவன்; அதைக் கையில் எடுத்து அலைக்கழித்தவன் நான்.

போவாப் பாம்பு நம் நாட்டுப் பிராணி அன்று. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்வது. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளின் தாயகமான பிரேசில் நாடே இதற்கும் ஒரு தாயகம். இதற்கு நஞ்சு இல்லை. முட்டையிடாமல் குட்டி போடும். பிறந்த குட்டி ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம் இருக்கும். அது வளர்ந்து ஆறு முதல் பத்து அடி வரை ஆகலாம். நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். இன்று பத்து வயதுப் பிள்ளை ஆசையாகக் கேட்டு வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் வீட்டில் இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, குட்டி வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, அதைத் தனியே விட வேண்டும். காட்டில் சிறு பாம்புக்குப் பகை அதிகம்; பருந்து முதல் பெரிய பல்லி வரை அதைத் தின்னும். ஆகவே தன்னைப் பிடிக்கும் ஒவ்வொரு கையையும் அது பகையென்றே கருதும். நாய்க்குட்டி தடவலைத் தேடி வரும். பாம்புக் குட்டி மறைவிடத்தைத் தேடும். முதல் ஏழு முதல் பத்து நாட்கள் வரை தண்ணீர் மாற்றுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் தவிரப் பெட்டியில் கை வைக்கலாகாது.

இரண்டாவது, இருப்பிடம். குட்டிக்கு இரண்டடி நீளமுள்ள, காற்றோட்டமான பெட்டி போதும். மூடி இறுக்கமாகப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விரல் நுழையும் சந்து போதும், பாம்பு வெளியேறிவிடும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்தால் அழுக்கும் பேனும் எளிதில் கண்ணில் படும். உடைந்த பூந்தொட்டியோ, ஓரம் தேய்த்து வாசல் வெட்டிய தேங்காய்ச் சிரட்டையோ மறைவிடமாகும். இப்படி இரண்டு வேண்டும். ஒன்று சூடான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பின் உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது வெளிச் சூட்டை வாங்கித்தான் இரையைச் செரிக்க வேண்டும். ஆகையால் பெட்டியின் ஒரு பக்கம் 30 முதல் 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை என இருக்குமாறு அமைக்க வேண்டும். தனக்கு வேண்டிய இடத்துக்கு அது தானே நகர்ந்துகொள்ளும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் குளிருக்கு வெப்பத் தகடும், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம் வேண்டும். சமவெளியிலோ ஆபத்து வேறு. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் வெப்பம் 35 பாகையைத் தாண்டலாம். சன்னல் வெயில் விழும் பெட்டியில் சிறிது நேரத்திலேயே குட்டி இறந்துபோகும். விலை குறைந்த வெப்பமானி ஒன்றை வாங்கி வைப்பது அறிவுடைமை. பெட்டிக்குள் திறந்த மின்விளக்கைத் தொங்கவிடலாகாது. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு தோல் வெந்துபோகும்.

நான்காவது, உணவு. முதல் வாரம் கழிந்த பிறகு ஒரே ஒரு சிறிய சுண்டெலி. குட்டியின் உடலில் மிகத் தடித்த பாகம் எதுவோ, அதற்கு மேற்பட்ட பருமன் அந்த எலிக்கு இருத்தல் கூடாது. பிறகு 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். "பாவம், பசிக்குமே" என்று தினமும் ஊட்டுவது கேடு. தின்ற பின் இரண்டு நாட்கள் தொடக்கூடாது. கக்கிவிட்டால், தண்ணீர் மட்டும் வைத்து இரண்டு வாரம் பொறுத்து, முன்னதில் பாதியளவு எலியைக் கொடுக்க வேண்டும். மீண்டும் கக்கினால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும். ஆதலால் கடையில் கிடைக்கும் உறையவைத்த எலியைக் குளிர் நீக்கி, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுவதே நல்லது. அதைச் சமையல் பொருட்களோடு சேர்த்து வைக்கலாகாது.

இவ்விடத்தில் தோட்ட மக்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. செம்பனைக் காட்டில் பிடித்த எலியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். எலிக்கு மருந்து வைப்பது தோட்டத்து வழக்கம். மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் நடமாடும். அதைத் தின்னும் ஆந்தையும் பாம்பும் அந்த நஞ்சுக்கு இரையாகும்.

ஐந்தாவது, வீட்டாரின் நலம். பாம்பின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். பாம்பையோ பெட்டியையோ தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையலறையில் கழுவலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் முதியவர்களும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. இதை அறியாமல் அன்று பிள்ளைகளின் கையில் கொடுத்தவன் நான். வளர்ந்த போவாவின் பிடி இரையின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும் என 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே ஆறடியைக் கடந்த பாம்பைத் தனி ஆளாகக் கையாளக் கூடாது. பிள்ளைகளிடம் தனியே விடவும் கூடாது.

இன்னும் ஒன்று. தோட்டத்தில் அகப்படும் குட்டியைப் போவா என்று எண்ணிப் பிடித்து வைக்காதீர்கள். இங்கே காட்டில் போவா இல்லை. நீங்கள் பார்ப்பது மலைப்பாம்பாக இருக்கலாம். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். கெடா, பெர்லிஸ் பக்கத்தில் அது நஞ்சுள்ள குழிவிரியனாகவும் இருக்கலாம். பொதுத் தற்காப்புப் படையினரை அழையுங்கள். போவா வாங்க நினைப்பவர்களும், பணம் கொடுப்பதற்கு முன் வனவிலங்கு இலாகாவில் உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை.

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றோரத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணவே கூடாது. கரிபியன் கடலிலுள்ள அரூபா தீவில் 1999-ஆம் ஆண்டில் போவா காணப்பட்டது. மனிதர் கொண்டுவந்த அந்தப் பாம்பு அங்கே பெருகி, தீவின் பறவைகளையும் ஓணான்களையும் தின்று வருகின்றது. ஒரு வீட்டின் அலட்சியம் ஒரு நாட்டின் தொல்லையாகிவிடும்.

எங்கள் தோட்டத்துக் குட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையன் அதை இரண்டு வாரம் தொடவே இல்லை. பதினைந்தாம் நாள் இரவு சிறு சுண்டெலி ஒன்றை நீட்டினான். குட்டி வாங்கிக்கொண்டது, கக்கவில்லை. அவன் தாயார் இன்றுவரை அதைத் தொட்டதில்லை; தொடப்போவதும் இல்லை என்கிறார். ஆனால் மகன் வேலைக்குப் போன பிறகு, நண்பகல் வெயிலில் தூரத்தில் நின்றபடியே வெப்பமானியை எட்டிப் பார்த்து, சன்னல் திரையை இழுத்து விடுகிறார். "பயம் போகல சார். ஆனா நம்ம வீட்டுக்கு வந்துட்டதே" என்றார் என்னிடம்.

பாம்பின் மீது அன்பு வருவது வராதது அவரவர் மனத்தைப் பொறுத்தது. பொறுப்பு மட்டும் எல்லாருக்கும் வேண்டும். அதற்கு இடமும் காலமும் இல்லையென்றால், பிள்ளையை உட்காரவைத்து, வாங்காதே என்று அமைதியாகச் சொல்லுங்கள். வாங்கித்தான் விட்டான் என்றால், முதல் வாரம் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரப் பொறுமையே குட்டியைப் பிழைக்கவைக்கும்.