பூட்டில்லாத கருவி



பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேளையில் பேட்டரி ஸ்பிரேயரின் உள்ளே ஓர் ஒயர் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? கம்பத்திற்கோ உத்தமபாளையத்திற்கோ தூக்கிச் சென்று, கடையில் காத்திருந்து, ஒரு நாளை இழப்பீர்கள். பழுதோ ஒரு துளி ஈயத்தில் தீரக்கூடியது!

வழக்கமான சால்டரிங் அயர்னுக்கு 230 வோல்ட் மின்சாரம் வேண்டும். சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை டிகிரி வெப்பம் என்பதையும் பெரும்பாலும் அது காட்டாது. இக்குறைகளைப் போக்கும் கையடக்கக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. பைன்64 நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'பைன்சில்' அவற்றுள் ஒன்று. 2022-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 12 முதல் 24 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தில் இயங்கும். ஆகவே ஸ்பிரேயரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரியே அதற்குப் போதும். ஆனால் 8 ஓம் தடையுள்ள முனை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 18 வாட் மட்டுமே தரும். 24 வோல்ட்டில் 72 வாட் தரும். மெல்லிய ஒயருக்கு முன்னது போதும். தடித்த கம்பிக்குப் போதாது.

இதன் தனிச்சிறப்பு உள்ளிருக்கும் மென்பொருளில் உள்ளது. அதன் பெயர் 'அயர்ன்ஓஎஸ்'. பென் பிரவுன் என்பவர் மினிவேர் நிறுவனத்தின் டிஎஸ்100 கருவிக்காக எழுதத் தொடங்கியதைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகின்றனர். ஜிபிஎல் உரிமத்தின்படி எவரும் இதைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமையையும் சேர்த்தே வழங்க வேண்டும். அசையாமல் வைத்துவிட்டால் தானே வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியின் செல் எண்ணிக்கையைக் குறித்துவிட்டால், மின்னழுத்தம் அளவுமீறிக் குறையும்போது நின்றுவிடும்.

இதன் சில்லும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பைச் சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சில்லுகளும் அதே கட்டமைப்பைப் பின்பற்றுபவையே!

இல்லத்தரசிகள் ஒன்றை மறக்கலாகாது. பற்றவைக்கும் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். எழும் புகை ரோசினுடையது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையில் இவ்வேலை வேண்டவே வேண்டாம்.

1956-இல் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றிய உத்தமபாளையத்தில், படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வளைகுடா விசாவுக்காகக் காத்திருக்கும் தம்பிமார்களும், வீட்டிலிருந்தே பொருளீட்ட விரும்பும் சகோதரிகளும் இத்தொழிலைக் கற்கலாகாதா? கற்பதற்குப் பூட்டில்லை. கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தடையில்லை.