சன்னலோர ஆர்க்கிட்டுக்குக் காப்பு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில், டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குகிறது. அல்சூரை அடுத்த மர்பி டவுன் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் தோட்டத்திற்கு இடம் குறைவு. ஆதலின் ஆர்க்கிட்டுக்குச் சன்னலோரமே இடமாகிறது. அங்கே அதற்கு இடர்கள் இரண்டு: குளிர், வளர்ப்புப் பூனை.

வீடுகளில் பெரிதும் விரும்பப்படும் ஃபலனாப்சிஸ் வகைக்கு வளர்நுனி ஒன்றே. அது அழிந்தால் தண்டு மேலே வளராது. இலைகளின் நடுவே தேங்கும் நீர் குளிரிரவில் அந்நுனியை அழுகச் செய்யும். பூனை தொட்டியை உருட்டினால் அது முறியக்கூடும்.

ஆகவே, காலையிலேயே வேர்ப்பகுதியில் நீர் ஊற்றுதல் வேண்டும். இலைநடுவே தங்கிய நீரைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இரவில் செடியைச் சன்னல் கண்ணாடியினின்று விலக்கி வைப்பது நலம். இலேசான பிளாஸ்டிக் தொட்டியைக் கனமான மண்சட்டியினுள் இறக்கி வைக்கலாம். அல்லது பூனைக்கு எட்டாதவாறு கம்பியில் தொங்கவிடலாம். இச்செடி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சன்று. ஆயினும் அதன்மீது தெளிக்கும் பூச்சிமருந்து தீங்கு செய்யலாம்.

குளிரை அறவே விலக்குதலும் தவறு. சில வாரங்கள் ஓரளவு குளிர்ந்த இரவுகள் அமைவது பூங்காம்பு விடத் துணைசெய்கிறது. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காமல் காப்பதே தேவை.