காருக்குள் கடகட சத்தமா? ஒரு துண்டு ஃபெல்ட் துணி போதும்



ஆங் மோ கியோவிலிருந்து மத்திய விரைவுச்சாலையில் காரில் போகிறீர்கள். கார் குலுங்கும்போதெல்லாம் கதவுப் பெட்டியில் கிடக்கும் சாவியும் சில்லறையும் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. கை தானாக அங்கே போகிறது. கண்ணும் கூடவே போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி கண் விலகினால் கார் 22 மீட்டர் ஓடிவிடும். ஆகவே, இதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிட முடியாது.

சத்தத்துக்குக் காரணம் எளிது. பெட்டிகள் கெட்டியான பிளாஸ்டிக். அதன் மெல்லிய சுவரில் சாவி மோதும்போது சுவர் மேளத்தோல் போல அதிர்கிறது. ஃபெல்ட் துணியின் இழைகள் அடியைத் தாங்கிக்கொள்ளும். பொருள் வழுக்கி ஓடுவதும் குறையும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற சில கார்களின் கதவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே இத்தகைய மென்மையான பரப்பு இருக்கும். நம் காருக்கு அதை நாமே செய்துகொள்ளலாம். வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கு என்பதால், பல ஆண்டுகள் ஓட்டப்போகும் காருக்கு ஒரு பிற்பகலைச் செலவிடுவதில் தவறில்லை.

முதலில் பெட்டியைக் காலி செய்து தூசியை உறிஞ்சி எடுங்கள். எண்ணெய்ப் பசை போக ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். மெல்லிய தாளை உள்ளே அழுத்தி, ஓரங்களைக் குறித்து வெட்டினால் அச்சு கிடைக்கும். பின்பக்கம் பசையுள்ள, சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபெல்ட் துணியை அந்த அச்சைவிட 2 மில்லிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள். பசைப் பக்கத்தில் வரைவதானால் அச்சைத் திருப்பி வைக்க மறவாதீர்கள். முதலில் பக்கச் சுவர்களுக்கு ஒட்டுங்கள். அடித்துண்டை மட்டும் ஒட்டாமல் விரித்து வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவ்வப்போது எடுத்துத் துவைக்கலாம்.

நான் முதல்முறை சாதாரண இரட்டைப்பக்க ஒட்டுநாடாவைப் பயன்படுத்தினேன். வெயிலில் நின்ற காரில் அது இளகி, துணி சுருண்டு, சாவியெல்லாம் பிசுபிசுத்தது. வெப்பம் தாங்கும் பசையா என்று பார்த்து வாங்குங்கள். தெளிக்கும் பசை என்றால் கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். ‘ஏர்பேக்’ என்னும் காற்றுப்பை உள்ள பலகையின்மேல் எதையும் ஒட்டாதீர்கள். அது விரியும் வழி அடைபடக்கூடாது. குளிர்காற்றுத் துளை, மின்னூட்டும் இடம், பெட்டியின் பூட்டு ஆகியவற்றையும் மூடாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, புளோக்கின் கீழே நிழலில் காரை நிறுத்தி, கதவுப் பெட்டி ஒன்றில் தொடங்கிப் பாருங்கள்.