கொள்ளைநோய்க் காலத்துச் சிறார் நீதி

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நம் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபொழுது, பள்ளியும் அங்காடியும் அடைபட்டமையை யாவரும் அறிவர். குற்றஞ் சாட்டப்பெற்றுக் கூர்நோக்கு இல்லங்களில் வைக்கப்பெற்றிருந்த சிறாரை நினைத்தாரோ மிகச் சிலர். அவர்தம் நிலையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதார் யாவரும் சிறாரே. 1986-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆணுக்கு 16 என்றும் பெண்ணுக்கு 18 என்றும் வரையறுத்திருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வேற்றுமையைக் களைந்தது. ஏட்டில் களைந்தது என்க. பிடிபட்ட சிறாரை, வழிச்செல்லும் நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் கொணர்தல் வேண்டும். அக்குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் விதி.

2020 ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து ஆணையொன்று பிறப்பித்தது. இல்லங்களிலுள்ள சிறாரைப் பிணையில் விடுத்தல் பற்றிக் குழுமங்கள் ஆராயவும், விசாரணையைக் காணொலி வழியாக நடத்தவும் அது பணித்தது. நெருங்கி உறைவார்க்கு நோய் பற்றுமென்னும் அச்சம் வீணன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே சென்னை இராயபுரத்து அரசினர் சிறுவர் இல்லத்தில் 35 சிறுவர்க்கும், கான்பூரில் பெண்கள் இல்லமொன்றில் 57 பேர்க்கும் தொற்றுக் காணப்பட்டது. அவை பாதுகாப்பு வேண்டுவார்க்குரிய இல்லங்களேயாயினும், நோய் அவ்வேறுபாடு அறியுமோ?

ஆணை நன்றே, ஆயின் அது சிற்றூரைச் சென்றடைந்தவாறு யாது? நகரத்துத் தந்தை குழுமம் அமரும் இடத்திற்கு நடந்தேனும் செல்வார். பேருந்து நின்றுபோன காலத்தில், தொலைவிலுள்ள சிற்றூர்த் தாய் பிணை கொடுக்க எங்ஙனம் வருவாள்? காணொலிக்குக் கைப்பேசியும் அலைவரிசையும் வேண்டும். வீட்டிற்கு ஒரு கைப்பேசியாயின், அது பெரும்பாலும் ஆடவர் கையதே.

பெண்மகவின் நிலை இதனினும் இடர்ப்பட்டது. பிணை தருதலே பொதுவிதி. விடுத்தலால் ஒழுக்கத்திற்கோ உடற்கோ உள்ளத்திற்கோ கேடு நேருமெனின் மறுக்கலாம் என்பது விலக்கு. அவ்விலக்கிலுள்ள ஒழுக்கம் என்னும் சொல் ஆண்மகன்மீது அத்துணை வன்மையாய்ப் பாய்வதில்லை என்பது எம் கருத்து. அவனிடம் 'என் செய்தாய்?' எனக் கேட்போர், அவளிடம் 'இனி என் செய்வாய்?' என ஐயுறுகின்றனர். மற்றொரு புறம், ஊரடங்கிலே வீடே கொடுமைக் களமாகவும் கூடும். அங்கே அவளைத் திருப்பியனுப்புதல் காவலாகாது. குற்றஞ் சாட்டப்பெறும் பெண்மக்கள் தொகையிற் குறைந்தோராதலின் அவர்க்குரிய இல்லங்களும் குறைவு. ஆகவே சிற்றூர்ப் பெண் தன் மாவட்டத்திற்கு அப்பாலும் வைக்கப்படலாம். ஆதலின் விடுவிக்கப்பட்டோர் எத்துணையர் என்று எண்ணுவதோடு அமையாது, எவ்விடத்திற்கு விடுவிக்கப்பட்டனர் என வினவுதல் வேண்டும்.

இன்னுமொன்று. சிறு குற்றங்களின் விசாரணை நான்கு திங்களிலும், நீட்டிப்பின் மேலும் இரண்டு திங்களிலும் முடியாதாயின், அவ்வழக்கு ஒழிந்ததாகும் என்பது சட்டம். அடைபட்ட அவ்வாண்டில் இவ்விதி பலர்க்குப் பயன்பட்டிருத்தல் கூடும். அதனை அவர்க்கு எடுத்துரைக்க வழக்குரைஞர் ஒருவர் வேண்டும், அவ்வளவே.