ஜொகூர் பாரு பழைய ரயில் நிலையம்: பெரியவர்களோடு பார்க்க வேண்டிய அருங்காட்சியகம்

ஸ்கூடாய்: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு, சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஜே.பி. சென்ட்ரல் அருகிலுள்ள பழைய ஜொகூர் பாரு ரயில் நிலையம்தான் அது. 2010 அக்டோபரில் புதிய நிலையம் திறக்கப்பட்டபின், பழைய கட்டடம் சிறிய ரயில் அருங்காட்சியகமாக மாறியது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் நிறைவடைந்தது. அப்போது சிங்கப்பூர் போக ஜலசந்தியைப் படகில்தான் கடக்க வேண்டும். 1923இல் காஸ்வே வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. சிகாமட், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்கள் பெருகியதற்கும், ரப்பர் சிங்கப்பூர் துறைமுகத்தை எட்டியதற்கும் இந்தக் கம்பிச்சடக்கு பெரிய காரணம்.

பழைய ரயில் பொருள்களைப் பார்க்கும்போது அவற்றின் வேலையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் ஆபத்து. அதனால் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வழங்கப்படும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் ரயிலை எடுக்கக்கூடாது. விளக்கும் கொடியும் இரவு பகலாகப் பேசிய மொழி. கெட்டி அட்டை டிக்கெட்டில் வரிசை எண் இருக்கும். கணக்கு பார்க்க அதுவே ஆதாரம்.

இந்த வேலைகளில் தமிழர் பங்கு பெரிது. தண்டவாளம் பராமரித்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் விளக்கு, அதை ஏந்தியவர் யார் என்று சொல்லாது. வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். கிம்மாஸ்–ஜொகூர் பாரு தடம் இப்போது 192 கிலோமீட்டருக்கு இரட்டை மின் தடமாகிவிட்டது. பழைய முறையில் வேலை பார்த்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள்.

எனவே தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த நிலையம், என்ன வேலை, எந்தக் குவார்ட்டர்ஸ் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு இருந்தால் படமெடுத்து, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். புறப்படும் முன் திறக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்வது நல்லது.