கிளாவர் ஏழும் எட்டும்

சிதம்பரத்துக் கல்யாண மண்டப மாடியிலோ அண்ணாமலை நகர் விடுதி அறையிலோ ரம்மி ஆடிப் பழகியவருக்குக் கிளாவர் ஏழும் எட்டும் சேர்ந்து வருவதன் அருமை தெரியும். ஒன்பது வேண்டுமா? டைமண்ட் ஒன்பதைக் கீழே விடுவார். ஒன்பது இவருக்கு ஆகாது போலிருக்கிறது என்று எதிராளியும் தன் கிளாவர் ஒன்பதை இறக்கிவிடுவார். எதை வைத்து எதைக் கழிப்பது என்ற இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் 1967-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அதில் சேர்த்தது. (2025-இன் மத்தியச் சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது.)

போக்கரில் இதே ஏழு எட்டுக்கு ‘சூட்டட் கனெக்டர்’ என்று பெயர். ஆளுக்கு இரண்டே கார்டு. மேஜையில் ஐந்து பொதுக் கார்டு, அதில் முதல் மூன்று சேர்ந்து திறக்கும். அதுதான் ஃப்ளாப். கீழே போட்டு ஏமாற்ற எதுவுமில்லை. எவ்வளவு கட்டுகிறோம், எப்போது கட்டுகிறோம் என்பதில்தான் பொய் சொல்ல முடியும். நோ-லிமிட் ஆட்டத்தில் முன்னாலிருக்கும் சிப்ஸ் மொத்தத்தையும் ஒரே தடவையில் தள்ளலாம் என்பதால், அந்தப் பொய்க்கு விலையும் அதிகம்.

ஃப்ளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) அமைவது சுமார் 119 ஆட்டத்துக்கு ஒருமுறை. அதை நம்பி உட்கார்ந்தால் பை காலி. பாதி அமைந்த கைதான் உண்மையான சரக்கு. கிளாவர் ஆறு, கிளாவர் ஒன்பது, ஆட்டின் கிங் திறக்கின்றன என்று வையுங்கள். நம்மிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் எந்த ஐந்தோ பத்தோ வந்தாலும் வரிசையாக ஐந்து கார்டு, அதாவது ஸ்ட்ரெய்ட். எந்தக் கிளாவர் வந்தாலும் ஃபிளஷ். இரண்டு கணக்கிலும் வருவதைக் கழித்தால் 15 கார்டு. இன்னும் திறக்கவிருக்கும் இரண்டில் ஒன்றாவது அப்படி விழ 54 சதவீத வாய்ப்பு! இங்கே துணிந்து கட்டுவதற்குத்தான் அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி ‘செமி-பிளஃப்’ என்று பெயர் வைத்தார். எதிராளி மடித்தால் அப்போதே பணம் நமக்கு. மடிக்காவிட்டாலும் ஆட்டம் கைவிட்டுப் போகவில்லை.

இதைவிட நயமானது, ஃப்ளாப்புக்கு முன்பே பந்தயத்தைக் கூட்டி ‘ரைஸ்’ செய்வது. ஏஸ்-கிங் வைத்திருக்கிறான் என்றே எல்லாரும் எண்ணுவார்கள். பிறகு ஐந்து, ஆறு, ஒன்பது என்று சில்லறைக் கார்டுகள் திறந்தால், ஜோடி ஏஸ்காரர் நிம்மதியாகச் சிப்ஸைத் தள்ளுவார். நம் ஸ்ட்ரெய்ட் முடிந்து உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது.

எப்போதாவது செய்தால்தான் இது எடுபடும். எதிராளியிடம் சிப்ஸ் கொஞ்சமே இருந்தால் ஜெயித்தும் பெரிதாக வராது. என்ன கட்டினாலும் மடிக்கவே மாட்டேன் என்பவரிடமோ செமி-பிளஃப்பில் பாதி செத்துப்போகிறது. கார்டு விழுந்தால்தான் உண்டு.